விருந்தாளிக்குக் கொடுத்த சொல்

கஜேந்தினிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. தேநீர் போடுவாள், குடிக்க மறந்துபோவாள். மேசையில் உட்கார்ந்தால் பல்கனிக்குப் போகத் தோன்றும். பல்கனிக்குப் போனால் கீழே ஓடுகிற ரயிலைப் பார்த்ததும் உள்ளே வரத் தோன்றும். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும்போது வீட்டருகே ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் இறங்க வேண்டியவள், யோசனையில் லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் போய், அங்கிருந்து வேறு ரயில் பிடித்துத் திரும்பி வந்தாள். கண்ணூறு பட்டுவிட்டது என்பது அம்மா சிவநாயகியின் முடிவு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டதில் வீட்டுக் கூரையிலிருந்த புகை மணி அலறி, பக்கத்து வீட்டுப் பாகிஸ்தான்காரர் ஓடி வந்ததுதான் மிச்சம். மகளின் அந்தரம் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய டிஸ்புத்தாஸ். டாக்டர் பட்டத்துக்கு எழுதிய நூலைச் சபையில் நின்று காக்கிற நாள். நோர்வேயில் இதை அறையைப் பூட்டிக்கொண்டு செய்கிற வழக்கம் இல்லை. மண்டபத்தைத் திறந்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரவழைத்த எதிர்வாதிகள் இரண்டு பேர் நூலைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். அது போதாதென்று, சபையில் இருக்கிற எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்று பழைய விதி ஒன்று வேறு இருக்கிறது. அந்த விதியை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் இருக்கிறது.

அவள் எழுதியது காக்கேசிய மலைப்பக்கத்து மொழிகளைப் பற்றி. அங்கே ஜோர்ஜியன், மிங்ரேலியன், லாஸ், ஸ்வான் என்று நாலு மொழிகள் அக்கா தங்கைகளாக இருக்கின்றன. அவர்களுடைய தாய் எழுத்தறியாதவள். ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளின் வாயில் மிஞ்சியிருப்பதைக் கொண்டு தாய் என்ன பேசியிருப்பாள் என்று கட்டியெழுப்புவதுதான் கஜேந்தினியின் வேலை. நாயை ஜோர்ஜியர் ட்சாக்லி என்பார்கள், மிங்ரேலியர் ஜோகோரி என்பார்கள். நமக்கு அவை வேறுவேறு நாய்கள். அவளுக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஜோர்ஜியனில் அகரம் நிற்கும் இடத்தில் மிங்ரேலியனில் ஓகாரம் நிற்கும், லகரம் நிற்கும் இடத்தில் ரகரம் நிற்கும். ஒரு சொல்லில் அல்ல, தேடிப் போகிற சொல்லிலெல்லாம் இப்படியே வரும். ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது, வேறுபடுவதும் ஒழுங்காக வேறுபட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஒஸ்லோத் தமிழருக்கு இன்னும் புரியவில்லை.

நாலு பேரில் ஸ்வான்தான் மூத்தவள். தங்கைகள் ஒன்றாக இருந்த காலத்திலேயே வீட்டைவிட்டு மலையேறிப் போனவள். ஆகவே ஒரு பொருள் அக்காவிடமும் இருந்து தங்கைகளிடமும் இருந்தால், அது தாய் வீட்டுச் சீதனம். தங்கைகளிடம் மட்டும் இருந்தால், அக்கா போன பிறகு வாங்கியதாக இருக்கலாம். இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. அக்கா பிற்காலத்தில் தங்கையிடம் இரவல் வாங்கி வைத்திருந்தால், அதுவும் பார்வைக்குச் சீதனம் போலவே தெரியும்.

அவளுடைய நூலின் பதினேழாவது வேர்ச்சொல், நுகத்தில் வடம் மாட்டுவதற்கு அடிக்கிற முளையின் பெயர். சொல்லை இங்கே எழுதலாம்தான், ஆனால் அதிலுள்ள மெய்யெழுத்துக் கூட்டத்தைத் தமிழில் எழுதினால் வாசிக்கிறவருக்குப் பல் போய்விடும். ஜோர்ஜியனில் இருக்கிறது, மிங்ரேலியனில் இருக்கிறது. ஸ்வானிலும் இருக்கிறது என்று பேராசிரியர் மனானா ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்றில் ஒரு மலைக்கிராமத்தில் கேட்டுப் பதிந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் கஜேந்தினி அதே கிராமத்தில் அதே வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அதே சொல் வந்தது. அக்கா பிரிந்து போவதற்கு முன்பே அந்தத் தாய்வீட்டில் மாடு பூட்டினார்கள் என்று நாலாம் அத்தியாயம் முழுவதையும் அவள் அந்த முளையில்தான் கட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முளை ஆடிவிட்டது. நூல் அச்சாகி வந்த சந்தோஷத்தில், அந்த வீட்டுக்காரி லாமாராவுக்கு ஒரு நன்றி சொல்லலாமென்று தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். பேச்சுவாக்கில் அந்த முளையைப் பற்றியும் எழுதியிருப்பதாகச் சொன்னாள். லாமாரா விழுந்து விழுந்து சிரித்தாள். இருவரும் ஜோர்ஜியனில்தான் பேசிக்கொண்டார்கள்.

"அதையா எழுதினாய்? அதற்கு எங்களிடம் தனியாகப் பெயரே கிடையாது, கண்ணே. கட்டை என்போம், அவ்வளவுதான். நீ ஜோர்ஜியப் பெயரைச் சொல்லி, இதை ஸ்வானில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாய். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்திருந்தாய். வந்த விருந்தாளிக்கு இல்லை என்று சொல்வதா? அந்தச் சொல்லையே வாலை நறுக்கி, எங்கள் உடுப்பைப் போட்டுக் கொடுத்தேன். என் மாமியாரும் அந்தப் பேராசிரியருக்கு அப்படித்தான் கொடுத்தாராம். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பகிடி."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள் கஜேந்தினி.

"அப்போது நீ விருந்தாளி. இப்போது என் மகன் கல்யாணத்துக்கு வந்து எங்களோடு கோழி உரித்தவள். வீட்டுப் பிள்ளையிடம் யாராவது பொய் சொல்வார்களா?"

அன்றைக்குப் போன நிம்மதி பிறகு திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுடைய வழிகாட்டி ஸ்தெய்னாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அச்சான நூலில் இனி எழுத்துப்பிழைகளை மட்டும்தான் திருத்தலாம் என்றார்.

"கேட்டால் சொல்லிவிடு. கேட்காவிட்டால் அடுத்த வருஷம் ஒரு சின்னக் கட்டுரை எழுதித் திருத்திக்கொள்ளலாம். முதல் எதிர்வாதி மனானா என்பதை மறந்துவிடாதே. அது அவருடைய சொல்."

முதல் எதிர்வாதி மட்டுமல்ல. ஜெர்மனியில் மனானா நடத்துகிற ஆய்வுக்கூடத்தில் ஆகஸ்டிலிருந்து இரண்டு வருஷ வேலை ஒன்று கஜேந்தினிக்காகக் காத்திருந்தது. இங்கே அவளுடைய உதவித்தொகை போன மார்கழியோடு நின்றுவிட்டது. பட்டம் கையில் வரவேண்டும், வேலையும் வரவேண்டும். இரண்டும் அந்த அம்மாவின் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்தெய்னார் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் சின்னராசா வீட்டுக்கு வந்தார். தமிழ்ப் பண்பாட்டு மன்றத்தின் தலைவர். அந்தக் காலத்தில் கஜேந்தினியின் தகப்பன் இரத்தினவேல் நோர்வேயில் வந்து இறங்கிய முதற் பனிக்காலத்தில், ரொம்மனில் தன் வீட்டில் இடம் கொடுத்தவர். அந்த ஒரு பனிக்காலத்துக்கு இரத்தினவேல் இருபது வருஷமாக அவர் கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்லித் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். சின்னராசா உட்காருவதற்கு முன்பே ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார்.

"பிள்ளை, இதைப் பாரும். நேற்றே எல்லாருக்கும் குடுத்திட்டம்."

'ஜோர்ஜிய மொழியின் தாய் தமிழே! ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் எங்கள் பிள்ளை நிறுவுகிறார். அனைவரும் வருக!' என்று சிவப்பில் அடித்திருந்தது.

"மாமா, நான் அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே."

"எழுதாட்டி என்ன, கருத்து அதுதானே. அவங்கடை பாசையிலை மாமா எண்டு ஒரு சொல் இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு. ஆனா அவைக்கு மாமா எண்டா அப்பா."

"கேட்டியே இரத்தினம்!" சின்னராசா தொடையில் தட்டினார். "அப்பாவோ மாமாவோ, குடும்பத்துக்குள்ளைதானே நிக்குது. இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?"

"அது குழந்தையள் வாய் திறந்த உடனை வாற சத்தம், மாமா. உலகம் முழுக்க இருக்கு. ஒரே மாதிரிக் கேட்டாப்போலை சொந்தமாகாது. தற்செயலாயும் இருக்கலாம், இரவலாயும் இருக்கலாம்."

"இரவலோ?" சின்னராசாவின் முகம் கறுத்தது. "தமிழ் ஆரிட்டையும் இரவல் வாங்கேல்லைப் பிள்ளை."

போர்த்துக்கேயன் பெயர் கொடுத்த கதிரையில் இருந்துகொண்டு, போர்த்துக்கேயன் பெயர் கொடுத்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டுதான் மனிதர் இதைச் சொன்னார். கஜேந்தினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சபையிலை இருந்தும் எழும்பிக் கேள்வி கேக்கலாமாம் எண்டு பல்கலைக்கழக நோட்டீசிலை கண்டன்," என்றார் சின்னராசா எழுந்துகொண்டே. "நான் கேப்பன். பேந்து மாமா சொல்லேல்லையெண்டு சொல்லக்கூடாது."

"ஓமண்ணை, நல்லது அண்ணை," என்றார் இரத்தினவேல்.

வேண்டாம் மாமா என்று சொல்வதற்குக் கஜேந்தினி வாயைத் திறந்தாள். "சரி மாமா, வாங்கோ," என்று வந்தது. கதவைச் சாத்திவிட்டு, தன் மீதே கோபம் வந்து, பல்கனிக்குப் போய்க் குளிரில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முன்வரிசையில் நோர்வேஜியர் ஒரு கைப்பிடி. அதற்குப் பின்னால் கதவு வரைக்கும் தமிழர். பட்டுச்சேலை சரசரத்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் சபையை நடத்த வந்தவர், கறுப்பு அங்கியும் தானுமாக வாசலில் நின்று, மண்டபம் மாறி வந்துவிட்டோமோ என்று கதவிலக்கத்தை இன்னொரு தரம் பார்த்தார். அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். பட்டம் வருமோ வராதோ, ரோல்ஸ் வந்துவிட்டது.

மனானா சின்ன உருவம், வெட்டிவிட்ட நரைமுடி. வாதம் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் இரண்டு அத்தியாயங்களில் அவர் கஜேந்தினியைச் சும்மா விடவில்லை. அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகப் பிடித்து உலுக்கினார். கஜேந்தினி தாக்குப்பிடித்தாள், அடி விழுந்துகொண்டிருந்த வரைக்கும் அவளுக்கு யோசிக்க நேரமில்லை, அதனால் பயமும் இல்லை. பிறகு மனானா பதினேழாவது வேருக்கு வந்தார். முகம் இளகிவிட்டது.

"அப்போது நான் மாணவி," என்றார். "அந்த வீட்டு அடுப்படியில் காலில் நனைந்திருந்த சப்பாத்தைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டு இருந்தேன். வீட்டு அம்மா ரொட்டி தட்டியபடி இந்தச் சொல்லைச் சொன்னார். அதற்கு முன் எந்த அகராதியிலும் இல்லாத சொல். என் வாழ்க்கையில் நானே கண்டெடுத்த முதற் சொல் அது. இந்த இளம்பெண் அதற்கு ஒரு தாயைத் தேடிக் கொடுத்திருக்கிறார். நன்றி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். "நீங்களும் அந்த வீட்டிலேயே இதைக் கேட்டீர்கள், அல்லவா?"

"கேட்டேன்," என்றாள் கஜேந்தினி.

கேட்டது உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இப்படி ஒரு உண்மை போதும். ஸ்தெய்னார் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது எதிர்வாதி ஒரு டேனிஷ்காரர். அவர் எண்களிலும் அட்டவணைகளிலும் புகுந்து, முளைக்குப் பக்கத்தில்கூட வராமல் முடித்துக்கொண்டார். ஆபத்து கழிந்தது. ஆனால் கஜேந்தினி அப்போதுதான் பேச்சு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு, சபையை நடத்தியவர் ஒரு துண்டுக் கடதாசியை மூக்கருகே பிடித்து, சபையிலிருந்து திரு. சின்னராசா பேச விரும்புகிறார் என்று எழுத்துக்கூட்டினார். நோர்வேஜியர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த விதி உயிரோடிருப்பதை அவர்கள் இன்றைக்குத்தான் காண்கிறார்கள்.

சின்னராசா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். தமிழின் தொன்மை பற்றி அவர் நோர்வேஜியனில் மனனம் செய்து வந்தது கையில் இருந்தது. ஆனால் புதன்கிழமைப் புண் ஆறவில்லை. கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இந்தப் பெண் என்னிடம் சொன்னார், எங்கள் சொல் ஒத்திருந்தால் அது இரவலாக இருக்கலாம் என்று. நல்லது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் புத்தகத்தில் உள்ள சொற்களில் ஒன்றுகூட இரவல் இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியும் அல்லது முடியாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும் என்றார் சபையை நடத்தியவர். சுருக்கமான பதில் அவளிடம் தயாராக இருந்தது: இரவலைச் சோதிக்கும் முறைகளை முதலாம் அத்தியாயத்தில் விளக்கியிருக்கிறேன், கேள்விக்கு நன்றி. அதைச் சொன்னால் எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். நாலாம் வரிசையில் அப்பா, முடியும் என்று சொல் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முடியாது," என்றாள் கஜேந்தினி.

தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு மனானாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினாள்.

"பதினேழாவது இரவல். அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டேன் என்று சொன்னது உண்மை. அவர்கள் அதை எனக்காகச் செய்து கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். ஜோர்ஜியச் சொல்லுக்கு ஸ்வான் வால் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரியின் மகன் கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சொன்னார். மாமியார் உங்களுக்குக் கொடுத்ததும் அப்படித்தானாம். நாலாம் அத்தியாயம் நிற்காது."

மனானா நூலின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே இருந்தார். தான் வென்றதா தோற்றதா என்று விளங்காமல் சின்னராசா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். "நான் கேட்டது தமிழைப் பற்றியெல்லோ," என்று பக்கத்தில் இருந்தவரிடம் முறைப்பட்டது எல்லாருக்கும் கேட்டது.

குழு தீர்மானிக்க வெளியே போனது. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள். இவர்கள் வரவில்லை. கஜேந்தினி மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாள். இரத்தினவேல் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ? ஓமெண்டு சொல்லிப்போட்டு இறங்கியிருக்கலாமே."

"ஓம் ஓமெண்டு சொல்லித்தானேயப்பா எல்லாம் இதிலை வந்து நிக்குது."

கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. அப்பா சின்னராசா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அங்கிருந்து போகாமல், அவள் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கடைசியில் வந்தார்கள். வேட்பாளர் தானே முன்வந்து சொன்னபடி நாலாம் அத்தியாயம் ஏற்கப்படவில்லை என்று படித்தார் டேனிஷ்காரர். எஞ்சிய பகுதி பட்டத்துக்குப் போதும் என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது என்பது அடுத்த வசனம். தமிழருக்கு இரண்டு வசனமும் ஒன்றுதான். முதல் வசனத்திலேயே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மா அழுதார். சின்னராசா எல்லாருக்கும் முன்னால் வந்து கையைக் குலுக்கி, "நான் கேட்டபடியாலைதானே பிள்ளை உமக்குச் சொல்ல ஒரு இடம் கிடைச்சது," என்றார். அந்த மனிதரின் வாழ்க்கையில் இவ்வளவு சரியான ஒன்றை அவர் அறியாமல் சொன்னது அதுவே முதற்தடவையாக இருக்கும்.

படம் எடுக்கிறபோது மனானாவைக் காணவில்லை. கஜேந்தினி பூங்கொத்தோடு வெளியே ஓடினாள். நடைவழிக் கடைசியில் மனானா கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் நிற்கப் போவதில்லை என்பது பார்க்கவே தெரிந்தது. கஜேந்தினி ஜோர்ஜியனில் மன்னிப்புக் கேட்டாள்.

"எதற்கு மன்னிப்பு? சொல் போனால் போகட்டும்," என்றார் மனானா. "இந்தத் தொழிலில் எத்தனையோ போயிருக்கின்றன. வேலை விஷயம் பிறகு எழுதுகிறேன். இப்போது எனக்கு மனம் சரியில்லை, எதையும் தீர்மானிக்கக் கூடாது." கோட்டுப் பொத்தானைப் பிழையான துளையில் போட்டார், கழற்றினார், மறுபடியும் பிழையான துளையில் போட்டார். "கல்யாணத்துக்கு உன்னை லாமாராதான் கூப்பிட்டாளா?"

"ஓம்."

"அடுப்படியில் வேலை செய்தாயா?"

"கோழி உரித்தேன்."

மனானா தலையை ஆட்டினார்.

"நான் பெரும்பாலும் ஒவ்வொரு கோடையும் போனேன். அவளுடைய மாமியார் செத்தபோது ஜெர்மனியிலிருந்து போய்ச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். என்னுடைய வீடு என்றுதான் எல்லாருக்கும் சொல்வேன். என்னை ஒருநாளும் அடுப்படியில் வேலை செய்ய விட்டதில்லை. எப்போதும் மேசையின் தலைப்பக்கம், எப்போதும் பெரிய துண்டு இறைச்சி. முப்பத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட எனக்கு 'இல்லை' என்று சொன்னதில்லை, கஜேந்தினி."

அவர்கள் உங்களை அவ்வளவு மதித்தார்கள் என்று ஆறுதல் சொல்ல ஒரு வசனம் கஜேந்தினியின் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள். பூங்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு, மனானாவின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சரியான துளைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.